வொலுபிலிஸில் ஒன்பதாம் வகுப்பு

1

நேற்று மதியம் டெனிஸ் போன் செய்தாள். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் முதியோருக்கான பகல்நேர மையம் ஒன்றில் அவள் வேலை செய்கிறாள். குழந்தைகளுக்கு டேகேர் இருப்பதுபோல இங்கே பெரியவர்களுக்கும் உண்டு. காலையில் என் மனைவி பத்மாவை அங்கே விட்டுவிட்டு, மாலையில் போய்க் கூட்டிவருவேன்.

"மிஸ்டர் சங்கர், உங்க மனைவி ரொம்ப நாள் கழிச்சு இன்னைக்கு ஏதோ பேசினாங்க. எங்க யாருக்கும் அது என்னன்னு தெரியல. எங்கயாவது வலிக்குதோன்னு பயமா இருக்கு" என்றாள் ஆங்கிலத்தில். அவளிடம் பயத்தைவிடச் சந்தோஷம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

"என்ன சொன்னா?"

"சட்டம் போடாடீங்க. அப்படித்தான் கேட்டுது. திரும்பத் திரும்ப அதையே சொன்னாங்க."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பத்மா என்ன சட்டம் போட்டாள் என்று யோசித்தேன். பிறகு கேட்டேன்: "அங்க டிவி சத்தமா ஓடுதா?"

"டிவி ஓடுது, பிங்கோ ஆட்டமும் நடக்குது."

"சத்தம் போடாதீங்கன்னு சொல்றா."

டெனிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நாங்க சத்தக்காரங்கதான்" என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளிடம் ஏற்கெனவே தண்ணீர், வலி, பாத்ரூம், குளிர் என்று சில சொற்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். டெனிஸ் "தண்ணீர்" என்று சொல்லும்போது பத்மா அவளை ஒரு மாதிரி பார்ப்பாளாம். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மாணவி தப்பாக வாசிக்கும்போது டீச்சர் பார்க்கிற பார்வை அது.

இந்த வாரத்தோடு நாங்கள் மொராக்கோ போய்வந்து ஒரு வருடம் ஆகிறது. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அங்கே நடந்ததை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. டெனிஸின் போனை வைத்ததும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

பத்மா பாளையங்கோட்டைக்காரி. கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வரலாறு எடுத்தாள். நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி டவுன். ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் எனக்கு வேலை. டிபென்டன்ட் விசாவில் வந்தவளுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் இருந்தாள்.

அது வந்ததும் இங்கேயும் டீச்சராக வேண்டும் என்று முயன்றாள். அவளுடைய படிப்பை மதிப்பிடும் நிறுவனம், மார்க் ஷீட் பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த கவரில் நேராக வரவேண்டும் என்றது. பல்கலைக்கழகமோ, வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பமாட்டோம், நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. ஊரில் இருக்கும் அவள் தங்கை செல்வி இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி அனுப்பினாள். கைமாறி வந்த கவர் செல்லாது என்று இங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அதன் பிறகு டெக்சாஸ் வரலாற்றில் ஒரு பரீட்சை எழுதச் சொன்னார்கள்.

"ரோம் தெரியும், சோழன் தெரியும். அலமோ சண்டை தெரியலன்னா நான் டீச்சர் இல்லையாமே" என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு ஒரு எலிமென்டரி ஸ்கூலில் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை அதிலேயே இருந்தாள். "நீங்க என்ன பண்றீங்க ஆன்ட்டி?" என்று கோவிலில் யாராவது கேட்டால், "பால் டப்பா திறந்துவிடுற டீச்சர்" என்பாள்.

எங்களுக்கு ஒரே மகள், தாரிணி. ஹூஸ்டனில் பிறந்தவள். இங்கே பிறந்த மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் அவளும். அம்மா தமிழில் கேட்பாள், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "சாப்டியாம்மா?" "நாட் ஹங்ரி, அம்மா." அப்படியே வளர்ந்தாள். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்தது. வேலை கிடைத்து வேறு மாநிலத்தில், பே ஏரியாவுக்குப் போனாள். லிவர்மோரில் வீடு எடுத்துக்கொண்டு, தினமும் மலையைத் தாண்டி டிரைவ் பண்ணி ஆபீஸ் போய்வந்தாள். கார் ஓட்டும் நேரத்தில்தான் அம்மாவுக்கு போன் பண்ணுவாள்.

அறுபதை நெருங்கும்போது பத்மாவின் ஆங்கிலம் நழுவத் தொடங்கியது. கடையில் பில் போடும் பெண் பை வேண்டுமா என்று கேட்டாள். பத்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது மந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். காரில் ஏறியதும், "அந்தப் பிள்ளை என்ன பாஷைங்க பேசுது?" என்று கேட்டாள்.

டாக்டர் பரிசோதித்த அன்று போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். கணவன் மொழிபெயர்க்கக் கூடாதாம். அது விதி. எங்கோ வேறொரு மாநிலத்திலிருந்து பேசிய அந்தப் பெரியவர், "அம்மையீர், இன்றைய கிழமை யாது?" என்று கேட்டார். பத்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாதுவா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகும் அவளுக்குக் கிழமை சொல்லத் தெரியவில்லை.

மறதி நோய், கடைசியாகக் கற்றதுதான் முதலில் போகும் என்றார் டாக்டர். அப்படியேதான் நடந்தது. முதலில் ஆங்கிலம் போனது. அதன்பின், இங்கே சென்னைக்காரர்களோடு பழகிப் படிந்த தமிழும் உதிர்ந்து, நாங்கள் கல்யாணம் ஆன புதிதில் பேசிய திருநெல்வேலித் தமிழ் அடியிலிருந்து மேலே வந்தது. "சொல்லுதேன் கேளுங்க" என்றாள் ஒரு நாள். அந்தச் 'சொல்லுதேன்' காதில் விழுந்து எத்தனையோ வருடமாகியிருந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

அடி விழுந்தது தாரிணிக்குத்தான். தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொன்னாள். பத்மா மரியாதையாகச் சிரித்தாள். தாரிணி பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, டஸ் ஷீ அண்டர்ஸ்டாண்ட் மீ?"

"தமிழ்ல சொல்லிப் பாரும்மா."

வாயைத் திறந்தாள். இருபத்தொன்பது வருடமாகக் கேட்டுப் பழகிய பாஷையில் ஒரு வாக்கியம்கூட அவளால் கோக்க முடியவில்லை. "நான்... அம்மா, நான்..." என்று தொடங்கி எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரே மேஜையில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். வீட்டில் அதற்கு விதி ஒன்றும் தடையாக இல்லை.

3

மொராக்கோ யோசனை தாரிணியுடையது. பத்மா பாடம் எடுத்த புத்தகத்தில் ரோமானியப் பேரரசு பற்றிய பாடத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் படம் இருந்ததாம். வட ஆப்பிரிக்காவில், வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒரு கல் வளைவு. ரோமிலேயே இல்லாமல் இவ்வளவு தள்ளிப்போய் இதை ஏன் கட்டினார்கள் என்று ஒரு மாணவி கேட்க, அதற்குப் பதில் சொல்லியே ஒரு பீரியட் போய்விட்டதாம். தாரிணி சின்னவளாக இருந்தபோது பத்மா இதை அடிக்கடி சொல்வாள். ஒரு நாள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பாள். வீட்டுக் கடன், தாரிணியின் காலேஜ், ஊருக்குப் போய்வருவது என்று வருடங்கள் போய்விட்டன.

"வீ ஷுட் டேக் ஹர், அப்பா. நௌ. வைல் ஷீ ஸ்டில்..." என்றவள் மேலே சொல்லவில்லை.

டாக்டர் யோசித்துத்தான் சம்மதித்தார். பயணத்தில் குழப்பம் கூடலாம், கையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். போன ஏப்ரலில் மூவரும் ஃபெஸ் நகரத்தில் போய் இறங்கினோம். மறுநாள் காலை, அப்படியொரு வளைவு நிற்கும் வொலுபிலிஸ் என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகள், மதியம் மெக்னஸ் நகரம், மாலையில் திரும்பி ஃபெஸ். இதுதான் ஒரு நாள் சுற்றுலாவின் திட்டம்.

வேன் ஓட்டிவந்த ஹமீது எங்களுக்கு வழிகாட்டியும்தான். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். பத்மா ஏறும்போது அவர் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டாள். ஹமீது அரபியில் நீளமாக ஏதோ சொன்னார். "நல்லது, நல்லது" என்றாள் பத்மா. அன்று முழுவதும் அவர்கள் இருவரும் இப்படியே பேசிக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

4

பாதையெங்கும் கோதுமை வயல். அதன் விளிம்பில் சிவப்புப் பூக்கள். தூரத்து மலையில் வெள்ளை வெள்ளையாக ஒரு சின்ன ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஆலிவ் மரங்களுக்கு நடுவே, தூண்களும் உடைந்த சுவர்களும் தெரிந்தன. ஹமீது வேனை நிறுத்தி, "வலிலி" என்றார். அந்த ஊர்க்காரர்கள் வொலுபிலிஸை அப்படித்தான் சொல்கிறார்கள்.

தூண்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. தரையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வீடுகளின் மொசைக் படங்கள் திறந்த வானத்தின் கீழ் கிடந்தன. கழுதையின் மேல் திரும்பி உட்கார்ந்து போகும் ஒருவன், மீன்கள், யாழ் வைத்திருக்கும் ஒருவனைச் சுற்றி மிருகங்கள். எண்ணெய் ஆட்டிய செக்குக் கல்லைக் காட்டினார் ஹமீது. நான் ஒவ்வொன்றையும் பத்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பத்மா, இங்க பாரு. அன்னைக்கு உள்ள வண்ணம் அப்படியே இருக்கு."

"ம்."

அவள் மொசைக்கைப் பார்க்கவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தாள். வெயிலாக இருக்கிறது என்றாள். எப்போது போகலாம் என்றாள்.

வளைவுக்கு வந்தோம். புத்தகத்தில் இருந்த அதே வளைவுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் வெட்டவெளியில் தனியாக ஒரு பெரிய கல் வளைவு நின்றது. தாரிணி அம்மாவை மெல்ல நடத்திக் கொண்டுபோய் அதன் கீழே நிறுத்தினாள். "அம்மா! லுக்!" என்று மேலே காட்டினாள். பத்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் வெயில் பட, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "உக்கார இடம் இருக்கா?" என்றாள்.

தாரிணி போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "வீ ஆர் டூ லேட், அப்பா" என்று அப்படியே திரும்பாமல் சொன்னாள்.

எங்கள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஹமீது அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். ரோமப் படை இந்த ஊரைக் கைவிட்டுப் போன பிறகும் இங்கே மக்கள் இருந்தார்களாம். சில நூறு வருடங்கள், சுற்றிலும் யாருக்கும் தெரியாத லத்தீனிலேயே கல்வெட்டு வெட்டிக்கொண்டு இருந்தார்களாம். "யாருக்காக எழுதினாங்க?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "செத்தவங்களுக்கு. எல்லாமே கல்லறைக் கல்."

பேர்லேண்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

பத்மாவை உட்கார வைக்க நிழல் தேடிப் பழைய கோவில் ஒன்றின் படிக்கட்டுக்கு வந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை மேல்கோட்டு போட்ட பெண் பிள்ளைகள். பதிமூன்று, பதினான்கு வயது இருக்கும். கூட வந்த டீச்சர், தலையில் நீலத் துணி சுற்றிய இளம்பெண், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் படிக்குப் படி உட்கார்ந்து ஒரே கூச்சல்.

பத்மா என் கையை விட்டாள். தலையில் கிடந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். நேராக நடந்து போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, இரண்டு தடவை கையைத் தட்டினாள்.

"சத்தம் போடாதீங்க பிள்ளையளா."

பிள்ளைகள் அதிர்ந்துபோய் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் ஓடினேன். அந்த இளம் டீச்சர் எனக்கு முன்பே எழுந்துவிட்டாள். ஹமீது அவளிடம் குனிந்து அரபியில் ஏதோ சொன்னார். அவள் பத்மாவை ஒரு கணம் பார்த்தாள். என்னைப் பார்த்து, இருங்கள் என்பதுபோல் கையைக் காட்டினாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். படிக்கட்டு அமைதியானது.

"எல்லாரும் புஸ்தகத்தை மூடுங்க. இன்னைக்கு நான் சொல்லுதேன், கேட்டுக்கிடணும்" என்று தொடங்கினாள் பத்மா. எத்தனையோ மாதமாகச் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசாதவள், தடையில்லாமல் பேசினாள். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அவள் வகுப்பில் நான் எப்போது உட்கார்ந்தேன்?

"ரோமாபுரிக்காரன் இங்கன வந்து ஊரு கட்டினான். ரோடு போட்டான், குளிக்க இடம் கட்டினான், வரி வாங்கினான். ஒரு நாள் பட்டாளத்தைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். சரி. ராசா போயிட்டாரு, சனங்க போயிட்டாங்களா? போகல. மாவு அரைச்சாவ, எண்ணெய் ஆட்டினாவ, பிள்ளை பெத்தாவ. அப்ப ஊரு அழிஞ்சது எப்ப? படை போன அன்னைக்கா? கல்லு விழுந்த அன்னைக்கா? யோசிச்சுச் சொல்லணும்."

ஹமீது என் தோளைத் தொட்டார். நான் ஆங்கிலத்தில் முணுமுணுக்க, அவர் டீச்சரின் காதில் அரபியில் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியாது. ஆனாலும் முன்படியில் இருந்த சுருட்டை முடிப் பிள்ளை ஒருத்தி இமைக்காமல் பத்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மா பதிலுக்காகப் படிக்கட்டு முழுவதும் கண்ணை ஓட்டினாள். ஓரத்தில் நின்றிருந்த தாரிணியின்மேல் அந்தப் பார்வை வந்து நின்றது.

"ஏட்டி, நீ ஏன் நிக்க? எந்த கிளாஸ் நீ?"

தாரிணி என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. அம்மாவுக்குத் தான் யாரென்று தெரியவில்லை என்பதும் அந்த இடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒன்பதாம்... ஒன்பது பி, டீச்சர்" என்றாள்.

"பேரு?"

"தாரிணி."

"உக்காரு தாரிணி. நீ சொல்லு பாப்போம். ஊரு எப்ப அழிஞ்சது?"

தாரிணி அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். சுருட்டை முடிப் பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"எனக்கு... தெரியாது, டீச்சர். நான்... படிக்கலை."

பத்மா கிட்டே போனாள். அவள் திட்டுவாளோ என்று எனக்குப் பதறியது. குனிந்து, மகளின் தலையில் கையை வைத்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுதது தப்பே இல்ல. நாளைக்குப் படிச்சிட்டு வா. என்ன?"

"சரி, டீச்சர்."

நீலத் துணி சுற்றிய அந்தப் பெண்தான் முதலில் கைதட்டினாள். பிறகு படிக்கட்டு முழுவதும் தட்டியது. சத்தத்தில் ஒரு நாரை எழும்பிப் பறந்தது. கைதட்டல் முடிந்தபோது பத்மா குழம்பிப்போய் நின்றாள். இவ்வளவு பேர் எதற்காகத் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் செருகிய முந்தானையை அவிழ்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பாடம் முடிந்துவிட்டது.

5

மெக்னஸுக்குப் போகிற வழியில் ஹமீது அந்த நகரத்தைக் கட்டிய சுல்தானைப் பற்றிச் சொன்னார். வொலுபிலிஸின் பளிங்குக் கற்களை எடுத்துவந்துதான் தன் அரண்மனைகளைக் கட்டினாராம். நான் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர மனம் அங்கே இல்லை. தாரிணி முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

பெரிய சதுக்கம். எதிரே பச்சை ஓடு பதித்த மாபெரும் வாசல். அதன் ஒரு பக்கம் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கடையின் மாடியில் புதினா டீ குடித்தோம். பத்மா டம்ளரின் சூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். கீழே இறங்கி, கூரை போட்ட கடைத்தெருவுக்குள் நுழைந்ததும்தான் பிரச்சினை. கோபுரம் கோபுரமாகக் குவித்த ஆலிவ், தேனில் ஊறிய பலகாரங்கள், தொங்கும் இறைச்சி, வழி கேட்டுக் கத்திக்கொண்டு வரும் கைவண்டி. நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

"நான் வீட்டுக்குப் போகணும். என்னை வீட்டுல விடுங்க."

"போலாம் பத்மா. வா, போலாம்." நான் தோளைப் பிடித்தேன். என் கையை உதறிவிட்டாள். "யாரு நீங்க? தொடாதீங்க" என்றாள் சத்தமாக. கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஸ்டூலை எடுத்து முன்னால் போட்டார். இன்னொருவர் என்னைச் சந்தேகமாக முறைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அந்த இடத்திலேயே மரம்போல் நின்றேன்.

தாரிணி என்னைத் தாண்டிப் போனாள். தொடவில்லை. எதிரே நின்று கையை மட்டும் நீட்டினாள்.

"டீச்சர், நான் தாரிணி. ஒன்பது பி. பெல் அடிச்சாச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

இவ்வளவு தமிழை அவள் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. 'அடிச்சாச்சு' என்பதில் நாக்கு கொஞ்சம் சறுக்கியது. பத்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே அவள் பின்னால் நடந்தாள். நான் இருவருக்கும் பின்னால் நடந்தேன்.

திரும்பும்போது வெயில் சாய்ந்து வயல்கள் மஞ்சளாகிக் கிடந்தன. தாரிணி முன்சீட்டில் கண்ணை மூடியிருந்தாள். பத்மா பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் திரும்பவும் ஞாபகம் வந்திருந்தது.

"ஏங்க."

"என்ன பத்மா?"

"முன்னால உக்காந்திருக்கே, அந்தப் பிள்ளை யாரு வீட்டுப் பிள்ளை? நல்ல பிள்ளையா இருக்கு."

"நம்ம வீட்டுப் பிள்ளைதான். தாரிணி."

முன்சீட்டை எட்டிப் பார்த்தாள். "நான் பெத்த பிள்ளையா?"

"ஆமா."

"அப்ப ஏன் தமிழ் இப்படித் தட்டுத்தடுமாறுது?"

"அமெரிக்காவுல பிறந்த பிள்ளைல்லா, பத்மா."

"அதுக்கு?" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மான்னு நான் ஒருத்தி இருக்கேம்லா?"

ஃபெஸ் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஹமீது ரேடியோவை அணைத்துவிட்டார்.

6

ஹூஸ்டன் திரும்பும் விமானத்தில் பத்மா தூங்கியபோது தாரிணி கேட்டாள். "அப்பா, 'இருக்கேம்லா'ன்னா வாட்? அந்த 'லா'?"

அவள் வேனில் தூங்கவில்லை.

"அது திருநெல்வேலிப் பேச்சும்மா. 'இல்லையா'ன்னு கேக்குறது. நான் இல்லையா, இருக்கேனேன்னு அர்த்தம்."

"ஓகே" என்றாள். சத்தமில்லாமல் அந்தச் சொல்லை உதட்டில் சொல்லிப் பார்த்தாள்.

கோடை முடியும்போது லிவர்மோர் வீட்டைக் காலி செய்துவிட்டு பேர்லேண்டுக்கு வந்துவிட்டாள். ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் பக்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் போய், ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதுகிறாள். வீட்டில் என்னிடம் ஆங்கிலம் பேசுவதில்லை. நான் மறந்து ஆங்கிலத்துக்குத் தாவினால், "தமிழ்ல சொல்லுங்க அப்பா" என்று அதட்டுகிறாள். வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் தமிழ் அவளுக்கு ஒட்டவில்லை. அம்மாவிடமிருந்து பொறுக்கியதுதான் ஒட்டியது. சில மாதங்கள் இருவரும் பேசினார்கள். டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். பத்மாவும் அவளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பாள். குளிர்காலம் வந்ததும் அதுவும் குறைந்தது. பொங்கலுக்குப் பிறகு பத்மாவின் பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிப்போனது. அந்த ஒன்றிரண்டும் என்றைக்காவதுதான் வரும்.

இன்று சித்திரை முதல் நாள். காலையில் செல்வி வீடியோவில் வராமல் சாதாரணமாக போன் செய்தாள். நான் சமையலறையில் பாயசத்துக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தாரிணி ஹாலில் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டு, எடுக்கச் சொன்ன மாத்திரை எங்கே, வெயில் ஏறுமுன் கோவிலுக்குப் போகவேண்டாமா என்று அம்மாவின் திருநெல்வேலித் தமிழிலேயே என்னை விரட்டிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தேன்.

செல்வி வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். எதையோ காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது. பிறகு அவள் குரல் உடைந்தது.

"அத்தான், என்கிட்ட ஏன் சொல்லல? அக்கா தேறிட்டாளா? அந்தா பேசுதாளே! என்ன தெளிவா பேசுதா! போனை அவகிட்ட குடுங்க அத்தான், சீக்கிரம் குடுங்க."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். சீப்பைக் கையில் வைத்தபடி தாரிணி நிமிர்ந்து பார்த்தாள். பத்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். போனை இருவரில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.